இருபது நாழிகை விருந்து

உலகின் வடபாலுள்ள நாடுகளிற் குளிர்காலம் என்பது, நாம் மார்கழி விடியலிற் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வது போன்ற சிறு துன்பமன்று. இலண்டன் மாநகரில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்னரே ஞாயிறு மறைந்துவிடுகின்றது. கனடா நாட்டிலோ ஏரிகள் உறைந்து கல்லாய்க் கிடக்கின்றன. ஆண்டு முழுதும் உழைத்துப் பொருள் சேர்த்த அந்நாட்டார், ஒரு வாரமோ இரு வாரமோ வெயிலை நாடிச் செல்ல விழைதல் இயல்பே. அவ்வாறு செல்வோர் இக்காலத்திற் பெரிதும் விரும்பும் வழிகளுள் ஒன்று, தென் கரீபியக் கடலில் உல்லாசக் கப்பலேறித் தீவு தீவாய்ச் சுற்றி வருதல். அப்பிரயாணத்தைக் குறித்து என் கருத்தினை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

ஒன்பதினாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கடலைப் பற்றி, கப்பலிற் காலெடுத்து வைத்தறியாத தமிழ் மாணவன் ஒருவன் கூறுதற்கு என்ன உளது என்று நண்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. என் தமையனார் இரண்டு குளிர்காலங்கள் அத்தகைய கப்பலொன்றின் சலவைச்சாலையிற் பணியாற்றியவர். அவர் தொலைபேசியிற் கூறியனவும், விடுமுறையில் வந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கூறியனவும், அவற்றைக் கேட்டபின் யான் நூலகத்திலே தேடிப் படித்தனவுமே இக்கட்டுரைக்கு முதற்பொருள்.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். குளிருக்கு அஞ்சி வெயிலை நாடுதல் குற்றமன்று. கப்பலேறி இன்புறுதலும் குற்றமன்று. ஆயின் ஒரு தீவின் துறையில் இறங்குகின்றவன் அத்தீவினர்க்கு விருந்தினன் ஆகின்றான். விருந்தினனுக்கும் கடமையுண்டு. அக்கடமையை இன்றைய உல்லாசக் கப்பற் பிரயாணம் மறக்கச் செய்கின்றது என்பதே யான் காணும் குறை.

கரீபியக் கடலின் கிழக்கெல்லையில், வடக்கினின்று தெற்கு நோக்கி வில்போல் வளைந்து கிடக்கின்றது ஒரு தீவுத்தொடர். குவாதலூப், மார்த்தினீக், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா முதலியன அத்தொடரைச் சேர்ந்தவை. அவற்றுக்குக் கிழக்கே அத்திலாந்திக் மாகடலில் தனித்து நிற்பது பார்படோஸ். தென்மேற்கே, வெனிசுவேலா நாட்டின் கரைக்கு அண்மையில், அரூபா, குராசோ, போனேர் என்னும் மூன்று தீவுகள் உள. பார்படோஸின் தலைநகராகிய பிரிட்ஜ்டவுன் ஏறக்குறைய நம் சென்னையின் அட்சரேகையிலேயே, வடக்கே 13 பாகையில் அமைந்துள்ளது. ஆதலின் அங்குள்ள தென்னையும் வெயிலும் கடற்காற்றும் நமக்குப் புதியன அல்ல. ஜூன் முதல் நவம்பர் முடிய ஆங்குப் புயற்காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைந்து, வடகிழக்கினின்று இடையறாது வீசும் வாணிபக் காற்று வெயிலின் கடுமையைத் தணிக்கும். அதனாலன்றோ வடநாட்டார் தம் குளிர்காலத்தில் அக்கடலை நாடுகின்றனர்!

கப்பல்கள் பிரிட்ஜ்டவுனினின்றோ, போர்ட்டோ ரீக்கோத் தீவின் சான் ஹுவான் துறையினின்றோ, மார்த்தினீக்கின் போர் தெ பிரான்ஸ் துறையினின்றோ புறப்பட்டு, ஏழு நாளில் ஐந்தாறு தீவுகளைத் தொட்டு மீளும். ஒரு கப்பலில் இரண்டாயிரம் மூவாயிரம் பிரயாணிகள் செல்வர். அதனினும் மிக்க கூட்டத்தை ஏற்றுவனவும் உள. கப்பலினுள்ளே உணவுச்சாலைகள், நீராடுங் குளங்கள், நாடக அரங்கு, நூலகம், மருத்துவமனை ஆகிய யாவும் அமைந்திருக்கும். மிதக்கும் நகரம் என்று அதனைக் கூறுதல் புகழ்ச்சியன்று, உண்மையே.

இப்பிரயாணத்தின் நன்மையை மறைத்தல் நேர்மையன்று. என் தமையனார் கண்ட ஒரு காட்சியைக் கூறுவேன். முதிய தம்பதியர் இருவர் அக்கப்பலில் வந்திருந்தனர். அம்மையார் நடக்கவியலாதவர், சக்கர நாற்காலியிலே இருப்பவர். ஊருக்கு ஊர் விடுதி மாறி, பெட்டி சுமந்து, படியேறி இறங்குதல் அவருக்கு ஆகாத செயல். கப்பலிலோ ஒரே அறை, ஒரே படுக்கை, தீவுகளே அவரைத் தேடி வருவனபோல ஒவ்வொரு நாட் காலையிலும் பலகணிக்கு வெளியே வந்து நின்றன. அவ்வம்மையார் கடலை நோக்கியிருந்த முகத்தைக் கண்டபின், இக்கப்பல்களைப் பழிப்பதற்குத் தமக்கு நாவெழவில்லை என்று தமையனார் கூறினார். அவர் கூறியதை யானும் ஏற்றுக்கொள்கின்றேன். முதியோர்க்கும் மெலிந்தோர்க்கும் கடற்காட்சியை எளிதாக்கிய ஒன்றினை முற்றும் தீதென்று எவரும் கூறார்.

ஆயினும் கரையில் நடப்பதைக் காண்போம். காலை எட்டு மணியளவிற் கப்பல் துறையை அணைகின்றது. மாலை ஐந்துக்கோ ஆறுக்கோ மீண்டும் புறப்பட்டுவிடுகின்றது. இறங்கவும் ஏறவும் ஆகும் பொழுதைக் கழித்தால் ஒரு தீவுக்குக் கிடைப்பது எட்டு மணி நேரம். நம் பழைய கணக்கில் இருபது நாழிகை. காலையுணவு கப்பலில் முடிந்துவிடும். நண்பகலுணவுக்கும் பலர் கப்பலுக்கே திரும்புகின்றனர்; ஏனெனில் அவ்வுணவுக்கு முன்னரே பணம் செலுத்தியாயிற்று. இடையிலுள்ள பொழுதில் துறைமேடையை அடுத்த கடைத்தெருவைச் சுற்றுகின்றனர்; அல்லது கப்பலார் ஏற்பாடு செய்த வண்டியில் ஒரு மணற்கரைக்குச் சென்று நீராடித் திரும்புகின்றனர். அக்கடைத்தெருக்களோ பல தீவுகளிலும் ஒன்றுபோலவே உள்ளன. வைரமும் கடிகாரமும் மதுவும் விற்பவை. நேற்றுக் கண்ட தீவு எது, இன்று கண்டது எது என்று பிரயாணிகள் தம்முள் வினவிக்கொள்வதைத் தமையனார் பன்முறை கேட்டிருக்கின்றாராம்.

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் பழந்தமிழிற் புதுமை என்பதே பொருள். முன்பின் அறியாதவனாய்ப் புதிதாக வருகின்றவனே விருந்து. அவனைப் பேணுமாறு எவ்வாறென்று கூற வள்ளுவனார் ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தினன் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதற்கோ தனி அதிகாரம் இல்லை. அக்காலத்து விருந்தினன் நடந்து களைத்து வந்தவன், பசித்தவன், கொடுப்பதை உண்டு, கூறுவதைக் கேட்டு, நன்றியோடு பெயர்ந்தவன். அவனுக்கு அறம் கூறவேண்டிய தேவை எழவில்லை போலும். தன் உணவையும் படுக்கையையும் உடன்கொண்டு வந்து, வீட்டு முற்றத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு, வீட்டாரோடு ஒரு சொல்லும் பேசாது செல்லும் விருந்தினனை அப்பெரியார் கண்டிலர்.

அங்ஙனஞ் செல்கின்றவன் எவற்றை இழக்கின்றான் என்பதற்குச் சில சான்றுகள் கூறுவேன்.

போனேர் சிறிய தீவு. அதன் குடிகள் ஏறக்குறைய 25,000 பேர். மூவாயிரம் பேரைச் சுமந்த கப்பல்கள் இரண்டு ஒரே நாளில் அங்கு வருமாயின், குடிகளில் நான்கிலொரு பங்குக்கு ஒப்பான கூட்டம் ஒரு காலையில் இறங்கும். தீவின் தென்கோடியிலே உப்பளங்கள் உள. நம் தூத்துக்குடியார் கண்டால் தம் ஊரென்றே மயங்குவர். அவ்வுப்பளங்களின் அருகே, கடலை நோக்கிச் சிறுசிறு கற்குடில்கள் வரிசையாய் நிற்கின்றன. 1850-ஆம் ஆண்டளவில் அடிமைகளுக்கென்று கட்டப்பட்டவை அவை. வயதுவந்த ஒருவன் அவற்றுள் குனிந்தே புகவேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது. உப்பு வெட்டியவர்கள் வேலை நாள்களில் அவற்றுள் உறங்கினர். வாரமுடிவில், மனைவி மக்கள் இருந்த ரின்கோன் என்னும் சிற்றூருக்கு ஏழு மணி நேரம் நடந்து சென்று மீண்டனர். 1863-ஆம் ஆண்டிலேதான் ஒல்லாந்தர் தம் தீவுகளில் அடிமை வாழ்வை ஒழித்தனர். வண்டிகள் அக்குடில்களின் முன் நிற்கும். பிரயாணிகள் இறங்கிப் படமெடுத்துக்கொண்டு ஏறுவர். அக்குடிலுள் ஒரு முறையேனும் குனிந்து புகுந்து, அதன் தரையில் அமர்ந்து பார்த்தவன் அத்தீவை மறவான்.

குராசோவின் வில்லெம்ஸ்டாட் நகரம் பல வண்ண மாளிகைகளுக்கும், படகுகளின்மேல் மிதந்து, கப்பல்களுக்கு வழிவிட ஒதுங்கித் திறக்கும் பாலத்துக்கும் பேர்பெற்றது. அந்நகரினின்று மேற்கே சென்றால் கெனேபா என்னும் அழகிய மணற்கரை உளது. பிரயாணிகள் அங்கே நீராடுகின்றனர். அக்கரையை அடுத்த தோட்டத்திலேதான், 1795-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், தூலா என்னும் அடிமை தன் தோழர்களைத் திரட்டிக்கொண்டு, இனி வேலை செய்யோம் என்று தலைவன்முன் நின்றான். கிளர்ச்சி அடக்கப்பட்டது, அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அவனைக் கொடிய முறையிற் கொன்றனர். இன்று அத்தீவார் அவனைத் தம் தேசிய வீரனாகப் போற்றுகின்றனர். நீராடுதல் வேண்டாமென்று யான் கூறேன். நீராடிக் கரையேறியவன், இம்மணலின் கதை யாதென்று ஒருவரைக் கேட்டல் வேண்டும் என்றே கூறுகின்றேன்.

செயின்ட் லூசியாவின் குடிகள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. ஆயினும் அச்சிறு தீவு நோபெல் பரிசு பெற்றார் இருவரைத் தந்தது. 1979-ஆம் ஆண்டிற் பொருளியலுக்காகப் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ் ஒருவர். 1992-ஆம் ஆண்டில் இலக்கியத்துக்காகப் பெற்ற கவிஞர் டெரெக் வால்காட் மற்றொருவர். இருவரும் காஸ்ட்ரீஸ் நகரிற் பிறந்தவர்கள். இருவர் பிறந்தநாளும் ஜனவரி 23. அந்நாளை ஒட்டி ஆண்டுதோறும் தீவார் விழா எடுக்கின்றனர். ஜனவரியோ கப்பல்கள் மிகுந்து வரும் மாதம். துறைமுகத்தை அடுத்த நகரின் நடுவே வால்காட்டின் பெயர் தாங்கிய பூங்கா உளது. என் தமையனார் ஒருமுறை, கிடைத்த இரண்டு மணி நேர விடுப்பில் அப்பூங்காவிற் சென்று அமர்ந்தார். தாம் அமர்ந்த இடம் ஒரு கவிஞரின் பெயரால் அமைந்தது என்பதை அருகிலிருந்த பள்ளிச் சிறுவனொருவன் கூறியே அறிந்தாராம். அச்சிறுவன் கூறியபோது அவன் குரலில் இருந்த பெருமிதத்தை அவர் எங்களிடம் சொல்லிக் காட்டினார். கப்பலில் அன்று கொடுத்த குறிப்பேட்டிலோ கடைகளின் பெயர்களே நிறைந்திருந்தனவாம்.

கிரெனடா ஜாதிக்காய்க்குப் பேர்போன நாடு. தன் கொடியிலேயே ஜாதிக்காயைப் பொறித்துக்கொண்ட நாடு. 2004-ஆம் ஆண்டு செப்டம்பரில் வீசிய புயல் அதன் ஜாதிமரங்களிற் பெரும்பாலானவற்றைச் சாய்த்தது. நட்ட மரம் காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லுமாதலின் உழவர் பட்ட துன்பம் நெடுநாள் தொடர்ந்தது. மீண்டும் 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், அந்நாட்டைச் சேர்ந்த கரியகூத் தீவினை மற்றொரு புயல் தாக்கி அங்கிருந்த வீடுகளிற் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது. குளிர்காலத்தில் தெளிந்த வானத்தை மட்டும் கண்டு செல்கின்ற விருந்தினன், அவ்வானம் கோடையில் யாது செய்யும் என்பதை அறியான். கடைத்தெருவில் ஒரு சிறு பை ஜாதிக்காய் வாங்கும்போது, அதனை விற்கும் மூதாட்டியை, அம்மா, உம் மரங்கள் எவ்வாறு உள்ளன என்று கேட்டால் போதும். ஒரு நாட்டின் வரலாறு அவர் வாயினின்று வெளிப்படும்.

இனித் தமிழராகிய நம்மைத் தொடும் செய்தி ஒன்றுளது. 1848-ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் தம் தீவுகளில் அடிமை வாழ்வை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினர். தேடியவர் கண்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வந்து விழுந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் நம் நாட்டு ஏழையரை ஏற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல்கள் சென்றன. ஒரேலி என்னும் கப்பல் 1853-ஆம் ஆண்டு மே மாதத்தில் மார்த்தினீக்கை அடைந்தது. அதே கப்பல் மறு ஆண்டு, 1854 டிசம்பர் 24-ஆம் நாள், குவாதலூப்பை அடைந்தது. பின்னர்ச் சென்றவர்களையும் சேர்த்து, மார்த்தினீக்குக்கு ஏறக்குறைய 25,000 பேரும், குவாதலூப்புக்கு 40,000-க்கு மேற்பட்டவரும் சென்றனர் என்பர். அவருள் மிகப் பலர் திரும்பவேயில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் தமிழை மறந்தனர். ஆயினும் வீரசாமி, இராமசாமி, முத்துசாமி என்பன பிரெஞ்சு எழுத்துக்களில் அவர்களுடைய குடிப்பெயர்களாய் இன்றும் நிலவுகின்றன. மாரியம்மை வழிபாடும் மதுரைவீரன் வழிபாடும் மறையவில்லை. சிதம்பரம் என்னும் நம் ஊர்ப்பெயரையே குடிப்பெயராகக் கொண்ட ஆன்றி சிதம்பரம் என்பார், இந்திய வழியினர்க்கு வாக்குரிமை வேண்டி 1904-ஆம் ஆண்டு முதல் குவாதலூப்பில் வழக்காடினார். 1923-ஆம் ஆண்டிலேதான் வெற்றி கண்டார்.

மார்த்தினீக்கில் ஒரு நாள் என் தமையனார் துறைமுகத்துக்கு அப்பாற் சென்று, ஒரு சிறு உணவுக்கடையிற் புகுந்தார். அங்குக் கொலொம்போ என்னும் பெயரால் ஒரு கறிக்குழம்பு பரிமாறினர். மஞ்சளும் கொத்தமல்லியும் கடுகும் வெந்தயமும் கலந்து அரைத்த மணம். ஒரு வாய் உண்டவர், கண்ணில் நீர் ததும்ப எழுந்து நின்றுவிட்டார். கொலொம்போ என்னும் பெயர் நம் குழம்பு என்னும் சொல்லின் திரிபே என்று கூறுவாரும், கொழும்பு நகரின் பெயரால் வந்தது என்று கூறுவாரும் உளர். சொல்லின் பிறப்பைப் புலவர் ஆராய்க. மணத்தின் பிறப்பைத் தமையனார் ஐயமின்றி அறிந்தார். கடைக்காரப் பெண்மணிக்கு ஆங்கிலம் தெரியாது. இவருக்குப் பிரெஞ்சு தெரியாது. இவர் தம் மார்பைத் தொட்டுப் புதுச்சேரி என்றார். எங்கள் ஊர் புதுச்சேரியன்று. ஆயினும் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய பெயர் அதுவேயென எண்ணினார். அப்பெண்மணி இவர் கையைப் பற்றிக்கொண்டு, அன்றைய உணவுக்கு விலை பெற மறுத்துவிட்டாராம். மூவாயிரம் பேர் இறங்கிய அத்தீவில் அன்று உண்மையில் விருந்தினராயிருந்தவர் சலவைச்சாலை ஊழியர் ஒருவரே போலும்.

கரையிலுள்ளாரை மறக்கின்ற பிரயாணி, கப்பலின் அடித்தட்டில் உள்ளாரையும் எளிதில் மறக்கின்றான். அவன் ஒவ்வொரு நாளும் பயன்படுத்தும் படுக்கை விரிப்பும் துவாலையும் நீர்மட்டத்துக்குக் கீழே, பலகணியற்ற அறையில், வெப்பத்தின் நடுவே துவைத்து உலர்த்தி மடிக்கப்படுகின்றன. அவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் இந்தியர், பிலிப்பீனர், இந்தோனேசியர். ஆறு முதல் ஒன்பது திங்கள் வரை ஒப்பந்தம். வாரத்தில் ஏழு நாளும் வேலை. 2006-ஆம் ஆண்டில் உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்த உலகக் கடற்றொழிலாளர் உடன்படிக்கை, ஒரு நாளிற் பத்து மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்று விதித்தது. அது நன்றே. ஆயின் கப்பலின் உரிமையாளர் ஒரு நாட்டிலும், கப்பலின் கொடி பகாமாஸ், பனாமா, மால்ட்டா போன்ற வேறொரு நாட்டிலும், ஊழியர் மூன்றாவது நாட்டிலுமாக இருக்கையில், ஒரு குறை நேர்ந்தால் எவரிடம் முறையிடுவது என்பதை ஏழை ஊழியன் எளிதில் அறியான். இதனை எந்நிறுவனத்தையும் பழிக்க எழுதவில்லை. என் கல்லூரிக் கட்டணத்திற் பாதி அத்தொழிலினின்று வந்தது; நன்றி மறந்து எழுதேன்.

சென்ற கிறிஸ்துமஸ் முன்னிரவில் மேல்தளத்தில் பெரிய மரம் நட்டு விளக்கேற்றியிருந்தனராம். தமையனார் நள்ளிரவு வரை மேசைக் கைத்துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தபின் கேரளத்தாரும் கோவாவினரும் பிலிப்பீனருமாய் இருபது பேர் ஊழியர் உணவறையிற் கூடி, அவரவர் மொழியில் ஒரே பாடலைப் பாடினராம். எம் அன்னையார் இங்கே அவருக்கென்று ஒரு தட்டில் அப்பம் எடுத்து மூடி வைத்திருந்தார். 1854-ஆம் ஆண்டு அதே நாளில் ஒரேலி கப்பலினின்று குவாதலூப்பில் இறங்கியவர்களின் அன்னையரும் இங்கே ஏதேனும் எடுத்து மூடி வைத்திருப்பர். என் தமையனார் திரும்பி வந்தார்; அவர்கள் திரும்பிலர். காலம் அவ்வளவு திருந்தியுள்ளது என்பதை யான் மறுக்கவில்லை. இன்னும் சிறிது திருந்தலாம் என்பதே என் விண்ணப்பம்.

இவ்வளவும் கேட்டவர், கப்பல்கள் வாராவிடின் அத்தீவார் எதனால் வாழ்வர் என்று கேட்கலாம். வலிய வினாவே. கரும்பு வீழ்ந்தது, வாழைப்பழ வாணிபம் குன்றியது, தீவுகள் பலவற்றுக்கு வெளிநாட்டார் வருகையே இன்று பெரிய வருவாய். 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் பெருநோயினாற் கப்பல்கள் நின்றபோது துறைகள் வெறிச்சோடின. வண்டியோட்டிகளும் வழிகாட்டிகளும் சிறு கடைக்காரரும் வருவாயின்றித் துன்புற்றனர். ஆதலின் கப்பல்களைத் தடுத்துவிடுக என்று கூறுவது, கரையிலிருந்து கூறுவார்க்கு எளிய அறிவுரை, தீவார்க்கோ பட்டினி. ஆயின் அவ்வினாவிலேயே என் விடையும் உளது. தீவார் வாழவேண்டும் என்பதற்காகவே கப்பல்கள் வருகின்றன எனின், பிரயாணி செலவிடும் பணம் தீவிலே தங்கவேண்டுமன்றோ? கப்பலில் உறங்கி, கப்பலில் உண்டு, கப்பலார் அமர்த்திய வண்டியிற் சென்று வருபவன், தலைவரியாகச் செலுத்தப்படும் சில டாலர்களன்றித் தீவுக்கு விட்டுச் செல்வது மிகக் குறைவு. தீவில் ஓரிரவு தங்குபவனோ விடுதிக்கும் உணவுக்கும் வண்டிக்கும் அங்கேயே பொருள் கொடுக்கின்றான். மீனவன் பிடித்த மீனும் உழவன் விளைத்த கிழங்கும் அவன் இலைக்கு வருகின்றன.

ஆதலின் யான் கூறுவன மூன்று. முதலாவது, இப்பிரயாணத்தை மேற்கொள்வார், கப்பல் புறப்படும் தீவிலாயினும் முடியும் தீவிலாயினும் இரண்டு நாள் தங்குதல் வேண்டும். தொடும் தீவு ஒவ்வொன்றிலும் ஒரு வேளையேனும் அத்தீவார் சமைத்ததை உண்ணல் வேண்டும். அத்தீவார் ஒருவரையே வழிகாட்டியாகக் கொள்ளல் வேண்டும். நடக்கவியலாத முதியோர்க்கு இவ்விதி இல்லை. அவர்கள் பலகணியிலிருந்தே வாழ்த்துவார்களாக. இரண்டாவது, தீவுகள் தம்முட் போட்டியிட்டு வரியைக் குறைப்பதை விடுத்து, ஒரு நாளில் வரும் கூட்டத்துக்கு ஓர் அளவும், வருவோர் தலைக்கு ஒரு தக்க வரியும் ஒன்றுகூடி வகுத்தல் வேண்டும். தனித்து உயர்த்தும் தீவை விட்டுக் கப்பல் வேறு தீவுக்குச் சென்றுவிடும். எல்லாரும் சேர்ந்து உயர்த்தினால் எங்கே செல்லும்? மூன்றாவது, கப்பல் கரையில் நிற்கும் நாள்களில் அடித்தட்டு ஊழியர்க்கும் முறைவைத்து அரை நாளேனும் கரைசெல்ல விடுப்பு வேண்டும். ஒரு வேளைக் குழம்புக்காக ஒரு மனிதன் எட்டுத் திங்கள் நினைந்து மகிழ்வானாயின், அவ்விடுப்பின் விலை மிகையன்று.

இவற்றைத் தமிழில், நம் கல்லூரி மலரில், எழுதுவதனாற் பயன் என்னை எனின், நம்முள் எவரேனும் நாளை அக்கப்பலில் ஊழியராகவோ, பொருள் மிகுந்தால் பிரயாணியாகவோ செல்லக்கூடும். நம் மலைநாடுகளுக்கும் கோயில் நகரங்களுக்கும் கடற்கரைகளுக்கும் நாமே கூட்டங்கூட்டமாய்ச் சென்று, படமெடுத்துக்கொண்டு, உண்ட இலையை எறிந்துவிட்டு, அவ்வூரார் ஒருவரோடும் பேசாது திரும்புவதும் உண்டன்றோ? குற்றம் வடநாட்டார்க்கு மட்டும் உரியதன்று.

என் தமையனார் சென்ற கார்த்திகையில் மீண்டும் கப்பலேறினார். இம்முறை தம் பெட்டியில் ஒரு சிறு பொட்டலம் வைத்துக்கொண்டார். எம் அன்னையார் கையால் வறுத்து அரைத்த குழம்புப்பொடி அது. மார்த்தினீக்கிற் கப்பல் நிற்கும் நாளில் விடுப்புக் கிடைக்குமாயின், விலை பெற மறுத்த அப்பெண்மணியிடம் அதனைக் கொடுக்க எண்ணியுள்ளார். உண்ட வீட்டிற்கு வெறுங்கையோடு மறுமுறை செல்லலாகாது என்பது எம் வீட்டு வழக்கம்.

யான் கூறியவற்றிற் பிழையுளதாயின் பெரியோர் பொறுத்தருள்வாராக.